தம்பிக்குக் காய்ச்சிய கோழிச் சாறு

மிளகும் சீரகமும் கோழி எலும்போடு கொதிக்கிற வாசம் வந்தால் ஊரே நாக்கைச் சப்புக்கொட்டும். நான் மட்டும் இன்றைக்கும் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஆறு. அவன் அடம்பிடித்தான் என்று அப்பா காந்திபுரத்திலிருந்து ஒரு முழு கிரில் கோழி வாங்கிவந்த சாயங்காலம்தான் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு துண்டுகூடத் தின்னாமல் சுருண்டுகொண்டான். நாங்கள் தின்ற மிச்சம் ஃபிரிட்ஜுக்குப் போனது. இரண்டு நாளாகக் கஞ்சி, இளநீர் எதைக் கொடுத்தாலும் துப்பினான். "பொழுது சாயறதுக்குள்ள தண்ணியாவது உள்ள போகோணும், ஒண்ணுக்குப் போகோணும், இல்லீன்னா அட்மிட் பண்ணீருங்க" என்று டாக்டர் காலையில் சொல்லிவிட்டார். அப்பா லேத் பட்டறையில். கண்ணைத் திறக்காமலே தம்பி கேட்டது ஒன்றுதான்: "கோழிச் சூப்பு."

அம்மா மிச்சக் கோழியின் கருகல் தோலை உரித்து, காரத்தை வெந்நீரில் கழுவி, எலும்பை நசுக்கி, சின்ன வெங்காயம், மிளகு, சீரகம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டார். வாசம் மாடி ஏறியதுமே, எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த "ஊட்டுக்காரம்மா" இறங்கி வந்துவிட்டார். அவருக்கு மூக்கு அப்படி.

"ஏனம்மணி, அக்கம்பக்கமெல்லாம் அம்மை போட்டிருக்குது. பையனுக்கும் அதா இருந்துபோட்டா? கவுச்சி காச்சலாமா? ஆத்தா கோவிச்சுக்கிட்டா சும்மா உடுவாளா?"

அம்மா அடுப்பை அணைத்தார். அம்மை கண்ட வீட்டில் கவுச்சி மட்டுமல்ல, தாளிப்புகூட ஆகாது. வேப்பிலை செருகி, சாமி வந்திருக்கிறது என்று அடங்கி நடக்கவேண்டும். நானோ மத்தியானம் தம்பிக்கு முகம் துடைக்கும்போது, காதுக்குப் பின்னால் நீர்கோத்த ஒரு சின்னக் கொப்புளத்தைப் பார்த்திருந்தேன்.

அம்மா டார்ச் அடித்து அவன் நெஞ்சிலும் முதுகிலும் கழுத்திலும் தேடினார். அவன் உதடு வெடித்துக் கிடந்தது. பிறகு என்னைப் பார்த்தார். "கண்ணு, உன்ற கண்ணுக்கு ஏதாச்சும் தட்டுப்படுதா?"

"ஒண்ணுமே இல்லீங்மா."

மறுபடி அடுப்பு எரிந்தது. ஊட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு படியேறினார். ஸ்பூன் ஸ்பூனாக ஒரு டம்ளர் உள்ளே போனது, துப்பவில்லை. இன்னொரு டம்ளரும் போனது. விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பி "ஒண்ணுக்கு வருது" என்றபோது அம்மா வாய்விட்டு அழுதார்.

விடிந்து பார்த்தால் அவன் உடம்பெல்லாம் அம்மை முத்து. அம்மா வீட்டைக் கழுவிவிட்டு, இனி ஆயுசுக்கும் கவுச்சி தொடுவதில்லை என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார். தம்பி, அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்றே விளையாடப் போய்விட்டான். கோழி என்றால் உயிரை விடுகிற அம்மாதான் அதோடு நிறுத்தினார். நான் சொன்ன பொய்க்கு அவர் பட்டினி கிடக்கிறார் என்று எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் சோறு இறங்காமல் உட்கார்ந்திருக்கிறேன்!

அந்த கிரில் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். ஊட்டுக்காரம்மாவும் போய்ச்சேர்ந்துவிட்டார். போன மாதம் என் மகளுக்குச் சளி என்று அம்மா அதே சாற்றை, ருசிகூடப் பார்க்காமல், காய்ச்சிக்கொண்டிருந்தார். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை; காதுக்குப் பின்னால் பார்த்ததைச் சொல்லிவிட்டேன்.

அம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அதை நானும் பாத்துபோட்டுத்தான் கண்ணு உன்னையக் கேட்டேன். நீ இல்லைன்னு சொல்லிப்போடோணும்னு அந்த ஆத்தாளையே கும்பிட்டுக்கிட்டுக் கேட்டேன்."