கீவ் அரசர்களின் சாவுத் திகதிகள்

“ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சாவும் திகதியோட என்ர மண்டைக்குள்ள கிடக்கு. நித்திரையில எழுப்பிக் கேளுங்கோ, ஒரு சாவுத் திகதி பிசகாது!”

1986ஆம் ஆண்டு, சுவிஸின் எம்மன்புரூக்கே ஊரில் ஆறு பேர் அடைந்து கிடந்த இரண்டறை வீட்டில், கோப்பை கழுவி ஊறிய கையை நெஞ்சில் வைத்துக் குகநாதன் இப்படிப் பிரகடனம் செய்தார். யாரும் அவரை நித்திரையில் எழுப்பவில்லை. அதற்கு அவசியமும் இருக்கவில்லை. விழித்திருக்கும்போதே கேளாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

டிராக்டர் பொறியியல் படிக்கவென்று சோவியத் புலமைப்பரிசிலில் கீவ் நகருக்குப் போனவர் அவர். முதல் வருடம் மொழி வகுப்பு. அந்த ஆசிரியை தன் நகரத்துப் பழைய அரசர்களை வைத்தே இலக்கணம் ஊட்டினார். மூன்றாம் வருடத்தில் டிராக்டர் அவரைக் கைவிட்டது, அரசர்கள் விடவில்லை. கிழக்கு பெர்லின் வழியாகச் சுவிஸுக்குள் வந்து சேர்ந்தபோது பையில் மாற்றுக் காற்சட்டை ஒன்றும் கீவ் வரலாற்றுப் புத்தகம் ஒன்றும் இருந்தன. புத்தகத்தை அவர் திறப்பதில்லை. மனப்பாடம் செய்தவனுக்குப் புத்தகம் எதற்கு?

ஆகவே உணவகத்தின் பின்கட்டில் கோப்பைகளுக்கே பாடம் நடந்தது. கீவ் அரசன் ஸ்வியாதோஸ்லாவின் மண்டையோட்டை எதிரிகள் குடிக்கும் கிண்ணமாக்கிய கதையைச் சூப்புக் கிண்ணங்கள் பொறுமையாகக் கேட்டன. ஊரையே ஆற்றில் இறக்கி ஞானஸ்நானம் கொடுத்த விளாதிமிர்: ஆயிரத்துப் பதினைந்து, ஜூலை பதினைந்து. பெருங்கோயில் கட்டிய யாரோஸ்லாவ்: ஆயிரத்து ஐம்பத்துநான்கு, பெப்ரவரி இருபது.

இதெல்லாம் சோறு போடுமா என்று சிரித்தவர்கள் வாயடைக்கும் காலமும் வந்தது. அகதி மனு விசாரணையில் அழுதால் எழுத மாட்டார்கள்; திகதி சொன்னால் எழுதுவார்கள். அறைத்தோழன் தவராஜாவுக்கோ, தான் இராணுவத்திடம் பிடிபட்ட நாள், மனுவில் எழுதிக் கொடுத்திருந்தும், மனதில் நிற்கவே இல்லை.

“நீர் பிடிபட்டது பெப்ரவரி இருபது. யாரோஸ்லாவ் செத்த நாள். அந்த மனுசனை இறுக்கிப் பிடியும், நாள் தானா வரும்.”

“அண்ணை, என்னை அடிச்ச ஆமிக்காரன்ர முகம் நல்லா ஞாபகம் இருக்கு. அது காணாதோ?”

“முகத்தை எழுத அங்க படிவத்தில பெட்டி இல்லையடாப்பா. திகதி பிசகினா பெர்மிட் பிசகும்.”

தவராஜா விசாரணையில் “யாரோஸ்லாவ் செத்த அண்டு” என்று தொடங்கி, மொழிபெயர்ப்பாளரைக் கலங்கடித்து, ஒருவாறு பெப்ரவரி இருபதில் கரையேறினான். வதிவிடப் பெர்மிட் கிடைத்தது. வீட்டில் யாரோஸ்லாவின் பெயரால் கற்பூரம் கொளுத்தினார்கள்.

அடுத்த வருடம் குகநாதனுக்கு ஒரு தந்தி வந்தது. ஊரில் குண்டு விழுந்து தம்பி யோகராஜா செத்துப்போனான். செத்தான் என்ற சொல் வரைக்கும் வாசித்தார், அதற்குக் கீழே போகவில்லை. மடித்தார். கீவ் புத்தகத்துக்குள் வைத்தார். வேலைக்குப் போனார். அன்றைக்கும் விளாதிமிரும் யாரோஸ்லாவும் வரிசை தவறாமல் செத்தார்கள். ஒரு கோப்பைகூட உடையவில்லை.

1988இல் அவருடைய விசாரணை வந்தது. அவரை இந்த நாட்டில் இருக்க விடுவதற்குக் காட்டக்கூடிய வலுவான காரணம் அந்தச் சாவு ஒன்றுதான்.

“அண்ணை, அந்தத் தந்தியைக் கொண்டு போங்கோவன்,” என்றான் தவராஜா.

“எனக்கோ? திகதிக்குக் கடதாசியோ?”

புத்தகம் அலமாரியிலேயே இருந்தது.

தலைநகர் பேர்னில் அதிகாரி கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார். “உங்கட தம்பி மோசம் போனது எண்டைக்கு?”

குகநாதன் வாயைத் திறந்தார். விளாதிமிர் வந்தார். யாரோஸ்லாவ் வந்தார். அவரவர் திகதியை அவரவர் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசையின் கடைசியில் யோகராஜா வெறுங்கையோடு நின்றான்.

அதிகாரியின் பேனா காத்திருந்தது.

“தெரியாது,” என்றார் குகநாதன்.

அதையும் அந்தப் பெட்டிக்குள் எழுதினார்கள்.