பட்டியலில் ஒரு பெட்டி அதிகம்

தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் கிராணியாகப் பதினாறு வருடமாக வேலை பார்த்துவந்தவர் அப்துல் கையூம் மரைக்காயர். கப்பலிலிருந்து இறங்கும் அரிசி மூட்டைகளை அவர் எண்ணி எழுதிவிட்டால் யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை. நாகூரிலிருந்து இருபது வயதில் வந்தவர், அதிகம் பேசமாட்டார். தன் கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டார். இந்த ஒரு பிடிவாதத்தால் மேஸ்திரிகளிடம் கெட்ட பெயரும் துரைமாரிடம் நல்ல பெயரும் வாங்கியிருந்தார்.

1909ஆம் வருடம் டன்லப் தெருவில் ஒரு மாடி வீட்டை விலைக்கு வாங்கினார். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை, கீழே கூடம், மேலே இரண்டு அறைகள், பின்னால் அத்தாப்பு ஓலை வேய்ந்த அடுப்படி. அந்த அளவு வீட்டுக்கு விலை குறைவுதான். ஏன் குறைவு என்று தரகர் சொல்லவில்லை. பக்கத்தில் வைக்கோல் கொட்டகை இருப்பதால் இருக்கும் என்று கையூம் தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டார். சிராங்கூன் சாலை ஓரமெல்லாம் மாட்டுக் கொட்டில்கள் நிறைந்திருந்த காலம் அது.

குடிவந்த முதல் வாரமே அவர் மனைவி பரீதா மாடிப்படியைப் பார்த்தபடி நின்றாள். அந்தி நேரத்து மஃரிபு பாங்கு அப்போதுதான் முடிந்திருந்தது. அவள் கையில் ஏற்றாத விளக்கு.

"மச்சான், மேல யாரு இருக்கா?"

"யாரு இருப்பா? நாமதான் மூணு பேரு."

"பெட்டியை இழுக்குற சத்தம் கேக்குதே. கனமான பெட்டி. கொஞ்ச தூரம் இழுத்துட்டு நிறுத்துறாங்க. அப்புறம் மறுபடி இழுக்குறாங்க."

கையூம் மேலே போய்ப் பார்த்தார். பின்னறையில் அவர்களுடைய தேக்குப் பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. தரையில் ஒரு கோடுகூட இல்லை. "பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே இறங்கி வந்தார். பாதிப் படியில் அவருக்கு நினைவு வந்தது. அந்தப் பக்கம் வீடே கிடையாது, வைக்கோல் கொட்டகைதான். அதைப் பரீதாவிடம் சொல்லவில்லை. ஆனால் மறுநாளும் அதே நேரத்தில் சத்தம் வந்தது. நான்கு வயது மகள் ஆயிஷா அதற்குப் பழகிப்போய், "மேல் வீட்டம்மா வந்துட்டாங்க" என்று சொல்லத் தொடங்கினாள்.

அந்த வருடம் ஆவணி வாக்கில் ஜாலான் புசார் பக்கம் ஒரு வரிசை வீடுகள் எரிந்துபோயின. கையூமுடன் வேலை பார்த்த ஒருவர், கட்டிய கைலியோடு தெருவில் நின்றார். அதைப் பார்த்துவிட்டு வந்த கையூம் தன் வீட்டை ஒருமுறை சுற்றி வந்தார். அவருடைய பதினாறு வருட உழைப்பும் அந்த நான்கு சுவருக்குள் இருந்தது. வீட்டையும் வீட்டுச் சாமான்களையும் இன்சூரன்ஸ் செய்துவிடுவது என்று தீர்மானித்தார். பள்ளிவாசலில் ஒருவர், "நெருப்பு வருமா வராதான்னு காசு கட்டுறது சூதாட்டம் இல்லையா?" என்று கேட்டார். கையூம் சற்று யோசித்து, "நான் ஜெயிக்கணும்னு கட்டலைங்க" என்றார்.

முதலில் கடற்கரையோரம் இருந்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போனார். அடுப்படிக் கூரை அத்தாப்பு என்றதும் குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடுத்தது, தெலுக் ஆயரில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி நடத்திய ஏஜென்சி. கட்டடத்தை ஏற்றுக்கொள்கிறோம், சாமான்களை ஏற்க மாட்டோம் என்றார்கள். வைக்கோல் கொட்டகையைக் காரணம் காட்டி அவர்கள் கேட்ட வருடப் பிரிமியம், கையூமின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலே போயிற்று. மூன்று வாரம், சாப்பாட்டு வேளையில் டிராம் ஏறி இறங்கி அலைந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மார்க்கெட் தெருவில், ஒரு வட்டிக்கடைக் கிட்டங்கிக்கு மேல் இருந்த சின்ன ஏஜென்சியைக் கண்டுபிடித்தார். அங்கே மேசையில் இருந்தவர் ஞானப்பிரகாசம். காரைக்கால்காரர், ஐம்பது வயதிருக்கும். அவர்தான் முதல் முறையாகப் பொறுமையாகப் பேசினார்.

"மரைக்காயரே, வீடு வேற, சாமான் வேற. ரெண்டுக்கும் தனித்தனியா மதிப்புப் போடணும். கூட்டிச் சொல்லாதீங்க, தண்டமா பிரிமியம் கட்டுவீங்க. குறைச்சும் சொல்லாதீங்க, எரிஞ்ச பிறகு அழுவீங்க. அடுப்படிக் கூரையை ஓடா மாத்துங்க. மண்ணெண்ணெய் டின்னை வீட்டுக்குள்ள அடுக்காதீங்க. செஞ்சா ஒரு வாரச் சம்பளத்துல வருஷப் பிரிமியத்தைக் கட்டிடலாம். நான் வந்து பார்த்துட்டு எழுதுறேன்."

அடுப்படிக் கூரை மாறியது. ஒரு சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு ஞானப்பிரகாசம் குடையும் காகிதக் கட்டுமாக வந்தார். கீழே எல்லாவற்றையும் எழுதிவிட்டு, தனியாக மாடிக்குப் போனார். கால்மணி நேரம் கழித்து இறங்கி வந்து, பட்டியலைக் கையூமிடம் நீட்டினார். கையூம் வழக்கம்போல் விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

கட்டில் ஒன்று. பாய் நான்கு. நிலைக்கண்ணாடி ஒன்று. தேக்குப் பெட்டி ஒன்று. தகரப் பெட்டி ஒன்று.

விரல் நின்றது.

"ஐயா, தகரப் பெட்டி எங்ககிட்ட இல்லையே."

"இருக்கே. பின்னறையில, தேக்குப் பெட்டிக்கு அடுத்தாப்புல. பச்சைப் பெயிண்ட் அடிச்சது. மூடியில தாமரைப்பூ. ஒரு கைப்பிடி அறுந்துபோயி அதுக்குப் பதிலாக் கயிறு கட்டியிருக்கு."

பரீதா குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எல்லோரும் மேலே போனார்கள். தேக்குப் பெட்டி மட்டும்தான் இருந்தது. அதற்கு அடுத்தாற்போல் வெறும் பலகைத் தரை. ஞானப்பிரகாசம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூடியில கைய வச்சுத் தட்டிப் பார்த்தேன் மரைக்காயரே" என்றார் மெதுவாக. "உள்ளே ஏதோ இருந்துச்சு. வெயில்ல கிடந்த மாதிரி சுட்டுச்சு. சன்னல் எல்லாம் சாத்தியிருக்கே, வெயில் எங்கேருந்து வந்துச்சுன்னுகூட நினைச்சேன்."

கையூம் குனிந்து தரையைத் தொட்டார். பலகை சூடாக இருந்தது. தேக்குப் பெட்டிக்கு அந்தப் பக்கம் குளிர்ந்திருந்தது. இந்தப் பக்கம் மட்டும், ஒரு பெட்டி அளவுக்கு, இளஞ்சூடு.

கீழே வந்ததும் ஞானப்பிரகாசம் அந்த வரியை அடித்துவிடப் பேனாவை எடுத்தார். பிறகு தாளில் அடுத்திருந்த கேள்வியைப் பார்த்துக் கையை நிறுத்தினார். இந்தக் கட்டடத்தில் இதற்கு முன் தீவிபத்து ஏற்பட்டதுண்டா என்பது கேள்வி.

"தெரியாது" என்றார் கையூம்.

"இல்லைன்னு போட்டுடட்டுமா? எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க."

"வேணாம். விசாரிச்சுட்டு வந்து சொல்றேன்."

பின் சந்தில் மாடு கறந்து பால் விற்கும் பூவம்மாவுக்கு அந்தத் தெருவில் இருபது வருடப் பழக்கம். பால் வாங்குகிற சாக்கில் கணவனும் மனைவியும் அவளிடம் போனார்கள். கேட்டதும் பூவம்மா செம்பைக் கீழே வைத்தாள்.

"யாரும் சொல்லலையா உங்களுக்கு? ஏழு வருஷம் இருக்கும். சிவகாமசுந்தரின்னு ஒரு பொண்ணு, மேல் வீட்டுல குடி இருந்துச்சு. புருசன் கப்பல்ல வேலை. நெருப்புப் புடிச்சப்ப அது வெளியில வந்துடுச்சு தாயி. இந்த இடத்துலதான், எம்பக்கத்துல நின்னுச்சு. உசிரு தப்பிச்சாச்சு. அப்புறம் திடீர்னு, 'ஐயோ என் பெட்டி'ன்னுச்சு. அதோட சொத்தெல்லாம் அந்தப் பெட்டிதான். நான் கையப் புடிக்கறதுக்குள்ள உள்ள ஓடிடுச்சு."

"என்ன பெட்டி?" என்று கேட்டாள் பரீதா.

"பச்சைத் தகரப் பெட்டி. ஒரு பக்கம் கயிறு கட்டியிருக்கும். தாமரைப்பூப் போட்டது."

பூவம்மா குரலைத் தாழ்த்தினாள். "அந்தப் பொண்ணைக் கண்டெடுத்தாங்க. பெட்டியைத்தான் கண்டெடுக்கலை. தகரம் எங்க போகும்? ஒரு கொண்டிகூடக் கிடைக்கலையே."

கையூம் மறுநாள் மார்க்கெட் தெருவுக்குப் போய், கேள்விக்கு எதிரே 'ஆம், ஒரு முறை' என்று எழுதவைத்தார். பெட்டியின் வரியைத் தன் எதிரிலேயே அடிக்கச் சொல்லிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். உண்மை எழுதியதால் பிரிமியம் சற்றுக் கூடியது. இருந்தாலும் கட்டக்கூடியதாகவே இருந்தது. ஒரு மாதத்தில் பாலிசி வந்தது. அதை வீட்டில் வைக்க வேண்டாம் என்று ஞானப்பிரகாசம் சொன்னதால், துறைமுகத்தில் தன் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

வீட்டை விற்றுவிடலாமா என்று அவர் கேட்டபோது பரீதா மறுத்துவிட்டாள். பயம் இல்லாமல் இல்லை. ஆனால் சத்தம் கேட்கத் தொடங்கினால், ஓடி ஒளியாமல் படிக்கட்டின் கீழே நின்று யாசீன் அத்தியாயம் ஓதுவாள். சில நாள் சத்தம் சீக்கிரம் நின்றுவிடும். சில நாள் படியின் உச்சி வரைக்கும் வரும். அங்கே வந்து, இரு கைக்கும் பாரம் தாங்காததுபோல், 'தொப்' என்று ஒன்றைக் கீழே வைக்கும்.

மறு வருடம் பிப்ரவரியில் மழையே இல்லை. ஒரு வியாழக்கிழமை பிற்பகல், வைக்கோல் கொட்டகையில் தீப்பிடித்தது. பரீதா புகையைப் பார்த்ததும் ஆயிஷாவைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தாள். பூவம்மா மாடுகளை அவிழ்த்து விரட்டிவிட்டு அவளிடம் வந்து சேர்ந்தாள். தீ சுவரைத் தாண்டி மாடிக் கூரையைப் பிடித்தது. ஓடுகள் வெடித்துத் தெறித்தன.

அப்போதுதான் பரீதாவுக்குத் தேக்குப் பெட்டி நினைவு வந்தது. அவளுடைய கல்யாண நகையெல்லாம் அதில் இருந்தது. குழந்தையைப் பூவம்மாவிடம் கொடுத்துவிட்டு இரண்டடி எடுத்து வைத்தாள்.

உள்ளே சத்தம் கேட்டது. அத்தனை இரைச்சலிலும் அது தெளிவாகக் கேட்டது. பெட்டி படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு படி, ஒரு நிறுத்தம். இன்னொரு படி, இன்னொரு நிறுத்தம். பிறகு கூடத்துத் தரையில் இழுபட்டு, வாசலை நோக்கி வந்தது. புகைக்குள்ளே, கதவுக்கு நாலடி தூரத்தில், குனிந்த ஒரு உருவம். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க யாராவது வருவார்களா என்று பார்ப்பதுபோல் அது தலையை நிமிர்த்தியது.

"போகாதே தாயி!" என்று பூவம்மா அலறினாள்.

பரீதாவின் ஒரு கால் வாசல்படி மேல் இருந்தது. முகத்தில் அனல் அடித்தது. உதவிக்குப் போகத்தான் உடம்பு துடித்தது என்று பின்னால் சொன்னாள், நகைக்காகக்கூட இல்லையாம். ஆனால் அந்த நொடியில் அவளுக்குக் கோபம் வந்தது. நிலையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"நான் வரமாட்டேன்! எங்களுக்குக் கடுதாசி இருக்கு, எல்லாம் எழுதி வச்சிருக்கு! உனக்கு எதுக்கு இனிமே அது? பெட்டியை விடு! விட்டுட்டு நீ வெளியில வா!"

இழுபடும் சத்தம் நின்றது. அவள் பின்வாங்கித் தெருவுக்கு வந்தாள். அவளைத் தாண்டி, தோளை உரசாமல் உரசிக்கொண்டு, சூடான காற்று ஒன்று தெருப்பக்கம் போயிற்று. பூவம்மாவின் தோளில் இருந்த ஆயிஷா, யாரையோ வழியனுப்புவதுபோல், சிராங்கூன் சாலைப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தாள். அடுத்து மாடித் தளம் இடிந்து கூடத்தில் விழுந்தது. பொம்பா என்ற தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது நனைப்பதற்குச் சுவர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன.

கையூம் துறைமுகத்திலிருந்து ஓடிவந்தார். மனைவியையும் மகளையும் பார்த்ததும் தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து, கம்பெனி அனுப்பிய ஆட்களோடு ஞானப்பிரகாசம் வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தார். தேக்குப் பெட்டியின் பித்தளைப் பூட்டு வாசலுக்கு இரண்டடி உள்ளே கிடைத்தது. பெட்டி இருந்ததோ மாடியில், பின்னறையில். பொம்பாக்காரர்கள் அடித்த தண்ணீர் தள்ளிக்கொண்டு வந்திருக்கும் என்று கையூம் சொன்னார். ஞானப்பிரகாசம் அப்படியே எழுதிக்கொண்டார். நகை ஒன்றும் சாம்பலில் அகப்படவில்லை. அந்தப் பூட்டுக்குப் பக்கத்தில் நெளிந்து கருகிய தகரத் துண்டு ஒன்றும் கிடந்தது. அதில் ஒரு மூலையில் மட்டும் பச்சை ஒட்டியிருந்தது. அதை யாரும் எழுதவில்லை. கையூம் அதைத் துணியில் சுற்றிப் பூவம்மாவிடம் கொடுத்தார்; அவள் கடலில் விட்டுவிட்டு வந்தாள்.

கட்டடத்துக்கு எழுதிய மதிப்பு முழுதாகக் கிடைத்தது. சாமான்களுக்கும் கிடைத்தது, நகையைத் தவிர. நகையைத் தனியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது விதி. அதைச் சொல்ல ஞானப்பிரகாசமே அன்று மறந்துவிட்டிருந்தார். அவர் வந்து தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டார். பரீதா அவருக்குத் தேநீர் கொடுத்தாள்.

அதே இடத்தில் வீடு எழும்பியது, இம்முறை அடுப்படிக்கும் செங்கல் சுவர். மஃரிபு நேரத்தில் பரீதா சில மாதங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. கையூம் அதற்குப் பிறகும் பதினொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணினார். பரீதாவுக்கு ஒரு ஜோடி வளையல் வாங்கித் தர அவருக்கு ஆறு வருடமாயிற்று. வாங்கி வந்த அன்று அவள் அதைப் போட்டுப் பார்த்து, கொஞ்சம் பெரிதாக இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.