வெங்கடக்காவின் குசும்பு

எங்கள் தெருவில் குசும்பு என்றால் வெங்கடக்காதான். அந்தச் சொல்லைத் திட்டவும் சொல்வார்கள், கொஞ்சவும் சொல்வார்கள். எப்போது திட்டு, எப்போது கொஞ்சல் என்பது 1957இல், நான் பள்ளிக்கூடம் முடித்து வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்த வருஷம், மாரம்மாவின் கல்யாணத்தில்தான் எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதை எழுதிப் பார்க்கிறேன்.

அக்காவின் முழுப்பெயர் வெங்கடம்மாள். சூளகிரிக்குப் பக்கத்தில் ராகியும் கடலையும் போடும் குடும்பத்தின் மருமகள். ஓரிடத்தில் உட்கார மாட்டார். தெரு நாய்க்கு முனிவேல் என்று பெயர் வைத்தார். முனிவேல் எங்கள் ஊர் மணியக்காரரின் பெயர். ஒரே மாதத்தில் மணியக்காரரே வாசலில் நின்று, "டேய் முனிவேலு, வாடா!" என்று நாயைக் கூப்பிட்டுச் சோறு வைத்தார்.

கல்யாணங்களில் அக்காவைப் பிடிக்க முடியாது. எங்கள் பக்கம் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் உட்கார்ந்ததும் பெண் வீட்டுப் பெண்கள் அவர்களைக் கேலி செய்து பாடுவார்கள். ஆளைப் பார்த்து அங்கேயே கட்டுகிற பாட்டு. அதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை.

மாரம்மாவின் கல்யாணத்துக்கு இரண்டு வருஷத்துக்கு முன், அக்காவின் கணவர் திம்மராயனுடைய தங்கை சாந்தம்மாவை ராயக்கோட்டையில் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கரியப்பன் முழங்கால் வரை தொங்கும் கோட்டுப் போட்டு வந்திருந்தார். "கோட்டு மட்டும் நடந்து வருது, உள்ளே ஆளைக் காணோம்" என்று அக்கா பாடினார். பந்தி சிரித்தது. கரியப்பன் இலையை விட்டு எழுந்தார். அது இறந்துபோன அண்ணனின் கோட்டு. அந்த அண்ணன் மாப்பிள்ளையின் அப்பா. அப்பா இடத்தில் நிற்பதற்காகத்தான் அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

அவர் பின்னால் எல்லாரும் எழுந்தார்கள். பரிமாறிய சோறு அப்படியே கிடந்தது. சாந்தம்மாவை அழைத்துப் போனவர்கள் ஆடிக்கும் அனுப்பவில்லை, தீபாவளிக்கும் அனுப்பவில்லை.

"இனிமே எங்க ஊட்டுக் காரியத்துல நீ வாயத் தொறக்கக் கூடாது" என்றார் திம்மராயன். அக்கா திறக்கவில்லை. ஆனால் கையும் காலும் அடங்கவில்லை. தேய்த்த குண்டானையே மறுபடி தேய்ப்பார். நிறைந்த தொட்டிக்குத் தண்ணீர் சேந்தப் போவார். நாயைக்கூட வெறும் "சூ" என்றுதான் கூப்பிட்டார்.

இப்போது திம்மராயனின் கடைசித் தங்கை மாரம்மாவின் கல்யாணம். மாப்பிள்ளை மாநில எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளி. பாட்டு கூடாது, கேலி கூடாது என்று திம்மராயன் பெண்கள் எல்லாரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அக்காவைச் சமையல் பந்தலில் விட்டார்.

வாடகை லாரி வந்து நின்றது. டிரைவர் பக்கத்தில், தகரக் கூரைக்குக் கீழே, மாப்பிள்ளையின் அம்மா சரசம்மா குடையை விரித்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். தெருவே பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சமையல் பந்தலில் ஒரு கரண்டி அண்டாவின் விளிம்பைத் தட்டத் தொடங்கியது. நிற்கவே இல்லை.

பந்தி போட்டார்கள். ஒப்பட்டு என்று எங்கள் பக்கம் சொல்லும் போளியும் நெய்யும் வந்தன. சாவு வீடு மாதிரி அமைதி. சரசம்மா இலையில் கை வைக்கவில்லை.

"ஏதாச்சும் கொறைங்களா?" என்று திம்மராயன் குனிந்து கேட்டார்.

"ஏனப்பா, உங்க வீட்டுப் பொண்ணுங்களுக்கு வாயே இல்லியா?"

"இருக்குதுங்க. ஒரு மரியாதைக்காக..."

"மரியாதைய தாசில்தாருக்குக் குடு. நாங்க என்ன வரி வசூலுக்கா வந்தோம்? சொந்தம்னு நெனச்சா ரெண்டு வார்த்தை கேலி பண்ணியிருப்பீங்க. சேத்துக்க மனசில்லன்னா சொல்லிடு, லாரி இன்னும் போகல."

அத்திப்பள்ளிக்காரர்கள் யாரும் இலையைத் தொடவில்லை. திம்மராயன் சமையல் பந்தல் பக்கம் திரும்பி, "ஏ புள்ள..." என்றார்.

அக்கா கரண்டியோடு வந்து நின்றார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு, "அம்மா, அந்தக் குடை யாருதுங்க?" என்று கேட்டார்.

பாட வந்தவர் இப்படிக் கேட்டது யாருக்கும் புரியவில்லை. எனக்குக் கோட்டு ஞாபகம் வந்தது.

"என்னுதுதான். போன சந்தையில வாங்கினேன். ஏன்?"

அக்கா மூச்சை விட்டார். கரண்டியை ஆட்டிப் பாடினார்:

"வெயிலுமில்ல, மழையுமில்ல, மேலே தகரக் கூரை,
அத்திப்பள்ளி ராணியம்மா யாருக்குப் பிடிச்சா குடையை?
டிரைவர் மண்டை வழுக்கையின்னு அவருக்குப் பிடிச்சா குடையை!"

டிரைவர் சட்டென்று தலையைத் தொட்டுப் பார்த்தார். எல்லாருக்கும் முன்னால் சிரித்தது சரசம்மாதான். "வந்தியா! அத்திப்பள்ளியில இருந்து கை கடுக்கப் பிடிச்சுட்டு வந்ததே இதுக்குத்தான்டி! எங்கே ஒருத்தியும் கேக்காம போயிருவீங்களோன்னு பயந்தே போனேன்" என்று ஒப்பட்டைப் பிட்டு வாயில் போட்டார். பந்தி முழுவதும் சிரிப்பு. பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பாட ஆரம்பித்தார்கள்.

அக்கா இரண்டாம் பாட்டுப் பாடவில்லை. கொல்லைப்புறம் போய்க் கையைக் கழுவினார், மறுபடி கழுவினார்.

அடுத்த திங்கட்கிழமை காலையில் அவரைப் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தேன். உட்கார்ந்தார், எழுந்தார், சாலையை எட்டிப் பார்த்தார். புதிதாகச் சுட்ட ஒப்பட்டு மூட்டையைத் திம்மராயன் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனார்.

"எங்கக்கா?"

"ராயக்கோட்டைக்கு. கரியப்பண்ணனப் பாக்க."

"என்ன சொல்லப் போறீங்க?"

"சொல்றதுக்கு என்ன இருக்குது? அவங்க அண்ணன் எப்படிப்பட்டவருன்னு கேக்கப் போறேன். அன்னைக்கே கேட்டிருக்கணும்."

"தொரத்திட்டாருன்னா?"

"அடுத்த திங்களும் பஸ் வருமில்ல."

பஸ் வந்தது. ஏறியவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எடமிருக்குதே, உக்காருங்கம்மா" என்றார் கண்டக்டர்.

"நின்னுக்கிட்டே வந்தா சீக்கிரம் போய்ச் சேரலாம்ப்பா."

கண்டக்டர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. மூட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.