இருமுகிற ஒரிஜினல்

எங்களிடம் இரண்டு பெயின்ற்போல் துவக்குகள், பெயின்ற் உருண்டையால் சுட்டு விளையாடுகிறவை, இருந்தன. ஒன்று அண்ணாவுடையது. மற்றது அவர் எனக்குத் தந்தது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஆனால் அவருடையது ஒரிஜினல், என்னுடையது கொப்பி. பன்னிரண்டு வருடமாக இதை வைத்தே ஒருவரை ஒருவர் நக்கலடித்துக்கொண்டிருந்தோம்.

போன மாரியில் வேலைசெய்துகொண்டிருந்த இடத்திலேயே அண்ணாவின் இதயம் நின்றுவிட்டது. அவருக்கு முப்பத்தெட்டு வயது.

ஆண்டுத் திவசத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அஜக்ஸ் நகரில் இருந்து அண்ணி ஃபோன் எடுத்தார்.

"தம்பி, அவற்ற பைப் உம்மட்டைத்தானே கிடக்கு? எனக்கு அதைத் தாரும். பிள்ளை வளந்து கேக்கேக்க காட்ட ஒண்டு வேணும்."

"ஓம் அண்ணி, கொண்டுவாறன்" என்றேன். கடைசியாக விளையாடிய நாளில் இருந்து அது எங்கள் வீட்டில்தான் கிடந்தது. ஃபோனை வைத்ததும், கொடுக்கமாட்டேன் என்று நினைத்தேன். ஒளிக்காமல் எழுதுகிறேன், அதுதான் நினைத்தேன். அண்ணிக்கு வீடு இருக்கிறது, பிள்ளை இருக்கிறது, அண்ணாவின் உடுப்புகள் இருக்கின்றன. எனக்கு அந்தப் பைப் மட்டும்தான்.

பைப் என்று ஏன் சொல்கிறோம் என்று முதலில் சொல்லவேண்டும்.

நாங்கள் டோர்செட் பார்க்கில் ஒரு அடுக்குமாடியின் பதினோராம் மாடியில் இருந்தோம். அம்மாவும் நானும் இன்னும் அங்கேதான். எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது அண்ணா ஒரு ஹொக்கிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அஜக்ஸுக்கு அங்கால் ஒரு விளையாட்டு மைதானம் வாடகைக்குக் கொடுத்த பழைய துவக்குகளைக் கழித்து விற்றது. அதில் இரண்டை வாங்கியிருந்தார்.

"உதென்னடா பைக்குள்ளை?" என்று அம்மா கேட்டார்.

"விளையாட்டுச் சாமான் அம்மா."

அம்மா தானே போய்ப் பையைத் திறந்தார்.

"துவக்கு. துவக்கைக் காணக்கூடாதெண்டுதான் உன்னைத் தூக்கிக்கொண்டு இஞ்ச ஓடி வந்தனான். நீ காசு குடுத்து வாங்கிக்கொண்டு வாறாய்."

"இது துவக்கில்லை அம்மா. பைப். பாருங்கோ, ரெண்டு பைப், ஒண்டுக்கு மேல ஒண்டு. பெயின்ற் அடிக்கிற பைப்."

"பெயின்ற் அடிக்கிறதெண்டால் பிரஷ் வாங்கு. பாத்ரூம் சுவர் உரிஞ்சு கிடக்கு."

அந்தச் சனிக்கிழமையே அண்ணா பாத்ரூமுக்குப் பெயின்ற் அடித்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தச் சாமானுக்குப் பைப் என்றுதான் பெயர். அம்மா மட்டும் அந்தச் சொல்லைக்கூடச் சொல்லமாட்டார். "உன்ர உது" என்பார்.

அண்ணா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. முந்தி ஒவ்வொரு பெயின்ற் உருண்டைக்கும் கையால் ஒருதரம் இழுத்து விடவேண்டிய துவக்குகள்தான் இருந்தனவாம். பிறகுதான் விசையை அமத்த அமத்தத் தானாகவே அடுத்த உருண்டையை எடுக்கிற வகை வந்தது. அப்படி முதலில் வந்தவற்றில் ஒன்றுதான் இந்த இரண்டு குழாய் வடிவம். கீழ்க்குழாய்க்குள் ஒரு கனத்த இரும்புத் துண்டும் ஒரு ஸ்பிரிங்கும். மேல்குழாய்க்குள் உருண்டையைத் தள்ளுகிற ஒரு போல்ற். இரண்டையும் ஒரு ஊசி சேர்த்துப் பிடித்திருக்கும். விசையை அமத்தினால் இரும்பு போய், காஸை அடைத்திருக்கிற கதவில் அடித்துத் திறக்கும். காஸ் ஒரு பக்கத்தால் உருண்டையை வெளியே அனுப்பும், மறுபக்கத்தால் இரும்பைத் திரும்பப் பின்னுக்குத் தள்ளும். அவ்வளவுதான். இரும்பு கடைகிற லேத் மெசின் வைத்திருக்கிற எவரும் செய்யலாம். செய்தார்கள். முதலாமவன் செய்து கை காய்வதற்கு முன் நாலைந்து பேர் அதையே அச்சடித்தமாதிரிச் செய்து விற்றார்கள்.

மைதானத்தில் துவக்குத் திருத்துகிற வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். அவர்தான் எங்களுடைய இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்து, எது எது என்று சொன்னார். அடியில் மூன்று எழுத்து வெட்டியிருப்பது ஒரிஜினல். அந்த இடம் வெறுமையாக இருப்பது கொப்பி. உள்சாமான்களுக்கு எழுத்து இல்லை. நகத்தால் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் வழுக்கினால் ஒரிஜினல், தடக்கினால் கொப்பி. பிறகு பக்கவாட்டில் இருந்த ஒரு சின்ன வெட்டைக் காட்டினார். அது ஒன்றுக்கும் உதவாத வெட்டு. ஒரிஜினலைச் செய்த கடை அதற்கு முன் செய்த கையால் இழுக்கிற மாடலில் அதற்கு ஒரு வேலை இருந்ததாம். புதியதில் வேலை இல்லை, எடுக்க மறந்துபோனார்கள். கொப்பி அடித்தவன் அதையும் அளந்து, அதே இடத்தில், அதே நீளத்துக்கு வெட்டியிருந்தான்.

அண்ணா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிழையையும் சேத்து அடிச்சிருக்கிறான்ரா! நான் கிரேட் நைன் மற்ஸ் சோதினையில பக்கத்திலை இருந்தவனைப் பாத்து அடிச்சமாதிரி."

"அதிலை என்ன பிழை?"

"அவன்ர பேரையும் சேத்து எழுதிப்போட்டன்."

அண்ணா கிரேட் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். நானும் கிரேட் பத்தோடு விட்டேன். ஒரு லேத் கடையில் அவர் வேலை செய்தார், அங்கேயே எனக்கும் வேலை எடுத்துத் தந்தார். அவர் தொப்பியைப் பின்பக்கம் திருப்பிப் போட்டால் அடுத்த கிழமை நானும் திருப்பிப் போட்டிருப்பேன். வேலையில் எல்லாரும் என்னைக் கொப்பி என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் கோபம் இருந்ததில்லை. கொஞ்சம் இருந்தது.

அண்ணாவுக்கு ஒரு பழக்கம். தன்னுடைய எந்தச் சாமானிலும் ஒரு புள்ளி குத்துவார், என்னுடையதில் இரண்டு. கடையில் இருந்த கூர் உளியால், சுத்தியலால் ஒரு தட்டு. ஸ்பனர், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றிலும். பைப்புகளின் உள்சாமான்கள் ஒவ்வொன்றிலும் அப்படித்தான் குத்தினார். "ஒருக்காலும் ரெண்டையும் ஒரே நேரத்திலை திறக்காத. உதுகள் ஒண்டுக்குள்ளை ஒண்டு போகும், ஆனா ஒத்துப்போகாது" என்பார்.

முதல் வருடங்களில் என்னுடைய பைப் என் மானத்தைக் கெடுத்தது. நாலு தரம் அமத்தினால் ஒருதரம் அடிக்கும். உருண்டை உள்ளேயே உடைந்து பெயின்ற் என் முகத்தில் வழியும். அண்ணா மரத்துக்குப் பின்னால் நின்று கத்துவார்.

"டேய் கொப்பி! உன்னை நீயே சுட்டுக்கொள்ளுறியோ?"

ஒரு கோடையில் அது திடீரென்று திருந்தியது. அண்ணாதான் ஒரு பின்னேரம் கழற்றிப் பூட்டினார். என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "ரப்பர் வளையம் மாத்தினனான், வேறை ஒண்டுமில்லை" என்றார். அதற்குப் பிறகு நான் வெல்லத் தொடங்கினேன். அதே கோடையில் அண்ணாவுடையதற்கு இருமல் பிடித்தது. அமத்தினால் முதலில் "கஹ்" என்று ஒரு சத்தம், பிறகுதான் உருண்டை வரும். அதற்குள் நான் அவருடைய நெஞ்சை மஞ்சளாக்கிவிடுவேன்.

"அண்ணா, ஒரிஜினலுக்கு இருமல் மருந்து குடுங்கோ!"

"வயசுபோட்டுதடா அதுக்கு."

"கொப்பி வெண்டிட்டுது, ஒரிஜினல் தோத்திட்டுது எண்டு சொல்லுங்கோ."

"சரி, வெண்டிட்டுது" என்று சிரிப்பார். நான் விடமாட்டேன். கார் நிறைய ஆட்கள் இருக்கும்போதும், அவருடைய கலியாண வீட்டிலும்கூட, சொல்லிக் காட்டினேன்.

இப்போது அண்ணியின் ஃபோனுக்கு வருகிறேன்.

அண்ணிக்கு அடியில் இருக்கிற எழுத்தைப் பற்றித் தெரியாது. அண்ணாவுடையதை அவர் அடையாளம் பிடிப்பது கைப்பிடியை வைத்துத்தான். அண்ணா மேப்பிள் பலகையில் தானே வெட்டிப் போட்ட கைப்பிடி அது. அவருடைய பெருவிரல் பட்ட இடம் கறுத்திருந்தது. அந்தப் பலகையைக் கழற்றி என்னுடைய கொப்பியில் பூட்டி, நன்றாகத் துடைத்துக் கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒரிஜினல் என்னிடம் இருக்கும்.

அம்மா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் குசினி மேசையில் இரண்டையும் வைத்தேன். பலகை என்னுடையதில் ஒரு மயிரிழை பிசகாமல் இருந்தது. திருகாணி ஓட்டைகூட அதே இடத்தில். கொப்பி அடித்தவனை அப்போது மனதுக்குள் மெச்சினேன். பிள்ளைக்குக் கொடுக்கிற சாமான், பழைய எண்ணெயோடு கொடுக்கக்கூடாது என்று உள்சாமான்களையும் கழற்றினேன். என்னுடையதாக வரப்போகிற ஒரிஜினலையும் அதோடு கழுவிவிடுவோம் என்று அதையும் கழற்றினேன். கைக்கு அகப்பட்டது அம்மாவின் இடியப்பப் பானை. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டு எல்லாவற்றையும் அதற்குள் கொட்டினேன்.

கொட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்று விளங்கியது. பானைக்குள் இரண்டு இரும்பு, இரண்டு போல்ற், இரண்டு ஸ்பிரிங், இரண்டு ஊசி. எல்லாம் ஒன்றுபோல. அண்ணா செய்யாதே என்று சொன்ன அந்த ஒன்றை, அண்ணாவின் சாமானை வைத்தே செய்துவிட்டேன்.

புள்ளிகள் இருக்கின்றனவே என்று ஒரு துவாய்த் துண்டில் பரப்பினேன். ஒரு புள்ளி இடது பக்கம், இரண்டு புள்ளி வலது பக்கம். சரியாகத்தான் பிரிந்தது. என்றாலும் சரிபார்க்க நகத்தால் இழுத்தேன். அண்ணாவின் ஒற்றைப் புள்ளிப் போல்ற்றில் நகம் தடக்கியது. திரும்ப இழுத்தேன். சுற்றிவர வரி வரியாக, ரம்பம் மாதிரித் தடக்கியது. என்னுடைய இரட்டைப் புள்ளிப் போல்ற்றில் நகம் கண்ணாடியில் போவதுபோல வழுக்கியது. இரும்புத் துண்டும் அப்படியே. ஊசியும் அப்படியே.

மாறிக் குத்திவிட்டாரோ என்று நினைத்தேன். அண்ணா அப்படி மாறிக் குத்துகிற ஆள் இல்லை.

ஜன்னலடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். வழுக்குகிற சாமான்களில் இரண்டு புள்ளியும் ஒரே மாதிரி இல்லை. ஒன்று பழையது, விளிம்பு தேய்ந்தது. மற்றது பிறகு குத்தியது, கொஞ்சம் ஆழம், கொஞ்சம் சரிவு. தடக்குகிற சாமான்களில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு இடம் அரத்தால் ராவித் தட்டையாக்கப்பட்டிருந்தது. ஒன்றை இரண்டாக்க ஒரு தட்டுப் போதும். இரண்டை ஒன்றாக்க, உட்கார்ந்து ராவவேண்டும். இருந்து ராவியிருக்கிறார்.

ரப்பர் வளையம் மாத்தினனான், வேறை ஒண்டுமில்லை.

துவாயைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகை வரவில்லை. கலியாண வீட்டில் நான் கத்தியதுதான் காதுக்குள் கேட்டது.

பிறகு எழும்பி, புள்ளிப்படியே எல்லாவற்றையும் பூட்டினேன். மேப்பிள் பலகையைக் கழற்றி அண்ணாவுடையதில் திரும்பப் போட்டேன். இரண்டையும் காருக்குள் வைத்து 401 நெடுஞ்சாலையைப் பிடித்தேன்.

அஜக்ஸில் அண்ணியின் சாப்பாட்டு மேசையில் இரண்டையும் வைத்து முழுவதையும் சொன்னேன். பலகையை மாற்ற இருந்ததையும் சொன்னேன். அண்ணி என்னைத் திட்டவில்லை.

"களவுக்கும் கெட்டித்தனம் வேணும் தம்பி. உமக்கு அது இல்லை" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்தார். "அதுதான் அப்பிடியோ. ஞாயிற்றுக்கிழமையில உடம்பு முழுக்க மஞ்சளா வந்து, தம்பி என்னை அடிச்சுப்போட்டான் எண்டு சிரிப்பார். தோத்துப்போட்டு ஏன் இந்த மனுசன் சிரிக்குதெண்டு நான் நினைக்கிறனான்."

அண்ணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப எது அவற்ற?"

"எனக்குத் தெரியேல்லை அண்ணி. வெளியால இது. உள்ளால அது. மாத்திப் பூட்டவோ?"

"வேண்டாம். அவர் விட்டபடி விடும்." அண்ணி மேப்பிள் கைப்பிடிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார், தொடவில்லை. "கராஜுக்கை நிண்டு சரிபாக்கேக்க ஒரு சத்தம் வரும். அது எதிலை?"

காரில் காஸ் போத்தில் இருந்தது. பின்வளவுக்குப் போய், உருண்டை போடாமல், புல்லைப் பார்த்து ஒருதரம் அமத்தினேன். கஹ்.

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"ஓம். உதுதான். உதைத் தாரும்."

மற்றதை மடியில் வைத்துக்கொண்டு காரில் இருந்தேன். உடனே காரை எடுக்க மனம் வரவில்லை. அப்போது அம்மா ஃபோன் எடுத்தார்.

"எங்கையடா நிக்கிறாய்?"

"அண்ணி வீட்டடியில."

"இடியப்பம் எல்லாம் எண்ணெய் மணக்குது. பானைக்குள்ளை என்ன செய்தனி?"

நான் மடியில் கிடந்ததைப் பார்த்தேன்.

"பைப் கழுவினனியோ?" என்றார் அம்மா. அந்தச் சொல் அவர் வாயில் வந்தது அதுதான் முதல்தரம். "அவனும் உதுக்குள்ளைதான் கழுவுறவன். எனக்குத் தெரியாதெண்டு நினைச்சுக்கொண்டிருந்தவன்."