தமிழ் பேச மறுத்த தவளை

கொச்சியில் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகு மணம் தும்மலாக மாறுகிற திருப்பத்தில் ஒரு மருந்துக் கடை உண்டு. அதன் கவுண்டருக்குப் பின்னால் நிற்கும் அம்பிளிக்கு நாற்பது நெருங்குகிறது. டாக்டர்கள் எழுதும் எந்தக் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள். கூட்டம் குறைந்தால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஃபோனை எடுப்பாள். விளையாடுவதற்குத்தான். அதுவும் சிறு வயதிலிருந்து விளையாடிவருகிற அதே ஒரு விளையாட்டு.

அந்த விளையாட்டு அவள் வீட்டுக்கு அழைக்காமல் வந்தது. அப்பா சுடலைமுத்து கார்ப்பரேஷன் துப்புரவுப் பிரிவில் வேலை பார்த்தவர். துறைமுகத்துப் பக்கம் ஒரு கப்பல் ஆபீஸ் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரை ஒருநாள் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். "பிள்ளைங்க படிக்கட்டும்" என்றார். கம்ப்யூட்டருக்குள் படிப்பு எதுவும் இல்லை. குடையோடு ஒரு குண்டு வீரன் இருந்தான்.

அவன் பெயர் பொம்பட். ஊரைக் காக்கப் புறப்படும் முதல் நாளிலேயே பசி தாங்காமல் வாளை விற்று ரொட்டி வாங்கித் தின்றுவிடுவான். அதன்பின் கையில் மிஞ்சுவது குடை மட்டும். அந்தக் குடையாலேயே பூதங்களோடு சண்டை போட வேண்டும். அடிபட்ட பூதம் சாகாது. "ஒரு நிமிஷம், அடுப்பில் பால் வைத்தேன்" என்று சொல்லிவிட்டு ஓடிப்போகும். இந்த வகை விளையாட்டுகளில் வீரர்கள் கேட்காமல் அடுத்தவர் வீட்டில் நுழைந்து பானைகளைத் துழாவுவது வழக்கம். பொம்பட்டும் ராஜாவின் அலமாரியைத் துழாவுவான். ஆனால் இங்கே ராஜா பின்னாலேயே நின்றுகொண்டு, "கீழ்த்தட்டில் பார், நல்லதெல்லாம் அங்கேதான் இருக்கிறது" என்பார். தோற்றால் திரை கறுத்துப் பயமுறுத்தாது. ஒரு கோழி வந்து, "நானாக இருந்தாலும் தோற்றிருப்பேன்" என்று ஆறுதல் சொல்லி, இன்னொரு வாய்ப்புத் தந்துவிட்டுப் போகும்.

நுழைவுத் தேர்வில் அம்பிளி தேறாமல் போன வருடம் ஊரே அறிவுரை சொன்னது. கோழி மட்டும்தான் சொல்லவில்லை. மறு வருடம் எழுதினாள், ஃபார்மஸி கிடைத்தது. அந்தக் கோழிக்கு அவள் மனசில் இன்றும் தனி இடம் உண்டு.

பளபளப்பான விளையாட்டுகள் எத்தனையோ வந்துபோயின. பழைய குடைவீரனைத் தேடி உலகமெங்கும் ஆட்கள் திரும்பித் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அதனால் அதை எழுதிய வயதான தம்பதி போன வருடம் ஓர் அறிவிப்பு விட்டார்கள்: புதிய பதிப்பு வருகிறது, ரசிகர்கள் தங்கள் மொழியில் பெயர்த்துத் தந்தால் சேர்த்துக்கொள்வோம். நிபந்தனை ஒன்றே ஒன்று. அதுவரை விளையாடிப் பார்க்காத ஒருவர் அந்த மொழியில் விளையாடி, "தவளைக் கட்டத்தில் நான் சிரித்தேன்" என்று எழுதித் தர வேண்டும். கிணற்றடித் தவளை வரும் அந்தக் கட்டம்தான் விளையாட்டிலேயே பெரிய சிரிப்பு. தவளை சிரிக்க வைக்காத மொழிக்கு இடமில்லை.

அம்பிளி தமிழில் செய்வதென்று முடிவெடுத்தாள். தம்பி அஜீஷுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எர்ணாகுளம் பிராட்வேயில் ஃபோன் பழுதுபார்ப்பவன் அவன். வசனங்களை விளையாட்டுக்குள் ஏற்றும் வேலை அவன் தலையில்தான் விழும்.

"அக்கா, நீ தமிழ் சினிமா போஸ்டரையே எழுத்துக் கூட்டியாக்கும் வாசிப்பே. மலையாளத்துல செஞ்சா போதாதா?"

"மலையாளத்துல கோட்டயத்துக்காரன் ஒருத்தன் எப்பவோ செஞ்சாச்சு. தமிழுக்கு ஆளில்லை. வீட்டுல நாம பின்னே என்ன பாஷைடா பேசறோம்?"

வீட்டில் பேசுவது தமிழ்தான். அது கொச்சியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்த தமிழ் என்பதை இருவரும் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை.

மழைக்காலம் முழுக்க அம்பிளி எழுதினாள். முதல் முறை விளையாடும் ஆளாக மாதுரி கிடைத்தாள். அஜீஷின் மனைவி வழியில் தூரத்துச் சொந்தம், மதுரையில் ட்யூஷன் சென்டரில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். மாதுரிக்குப் பொய் வராது. கல்யாண வீட்டில் சாம்பார் சரியில்லையென்றால் சமையல்காரரைத் தேடிப் போய்ச் சொல்லிவிட்டு வருகிற ரகம்.

விளையாட்டு போய்ச் சேர்ந்த மறுநாளே ஃபோன் வந்தது.

"அக்கா, இந்த பொம்பட்டுக்கு எத்தனை பொண்டாட்டி வேணுமாம்?"

"எந்தா? பொண்டாட்டியா?"

"போறவன் வர்றவன் பக்கத்துல எல்லாம் போய் நிக்கிறான். 'சம்சாரிக்கட்டா?'ன்னு ஒரு பட்டன் வருது. ராஜா தாடியோட நிக்கிறாருக்கா, அவரையும் சம்சாரம் ஆக்கிக்கிடவான்னு கேக்குறான்!"

அம்பிளி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பேசட்டுமா என்பதைத்தான் அவள் அப்படி எழுதியிருந்தாள். அவள் வீட்டில் எல்லோரும் எல்லோரோடும் சம்சாரிப்பார்கள். மதுரையில் சம்சாரம் மனைவி என்பது எழுதும்போது உறைக்கவில்லை.

"அப்புறம் அந்தக் கோழி. தோத்துப் போய் உக்காந்திருக்கேன், வந்து 'ஒரு அவசரம் கூடித் தரட்டா'ன்னு கேக்குது. இருக்கிற அவசரம் பத்தாதா?"

"அவசரம்னா சான்ஸ், மோளே. இன்னொரு சான்ஸ்!"

"இங்க அவசரம்னா பஸ்ஸு கிளம்பிருச்சுன்னு அர்த்தம்க்கா."

சிரித்துச் சிரித்துத்தான் திட்டினாள். ஆனால் தவளையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அம்பிளியே கேட்டாள்.

"தவளையா? ஆமா, கிணத்தடியில ஒண்ணு உக்காந்திருந்துச்சு. ஏதோ சொல்லுச்சு. அதுல சிரிக்க என்னக்கா இருக்கு?"

 அம்பிளி பயந்த இடமே அதுதான். ஆங்கிலத்தில் 'வெல்' என்றால் நலம், கிணறும் அதுவே. கிணற்றின் மேல் உட்கார்ந்திருக்கும் தவளையிடம் பொம்பட், "ஆர் யூ வெல்?" என்று மரியாதையாக விசாரிப்பான். தவளை அவனை மேலும் கீழும் பார்த்து, "நான் தவளை. வெல் எனக்குக் கீழே இருக்கிறது" என்று சொல்லும். பொம்பட் வெட்கத்தில் குடையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு, வழி தெரியாமல் கிணற்றுச் சுவர் மேல் ஏறிவிடுவான். தவளை அந்தக் குடையின் மேல் தாவி உட்கார்ந்து கடைசிவரை கூடவே வரும். சின்ன வயதில் அஜீஷ் அந்த இடத்தில் சிரித்துப் பெஞ்சிலிருந்து விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டான். தமிழில் "நலமா?" என்று கேட்டால், "இல்லை, தவளை" என்று பதில். பல் உடையாது. பல் தெரியவே தெரியாது.

சம்சாரத்தையும் அவசரத்தையும் ஒரே மூச்சில் திருத்திவிட்டாள். தவளை மட்டும் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது. 'சுகமா'வை வைத்துப் பார்த்தாள், 'சௌக்கிய'த்தை வைத்துப் பார்த்தாள். பழமொழிகளைப் புரட்டினாள். ஒவ்வொன்றையும் மாதுரிக்கு அனுப்பினாள். "இல்லக்கா" என்று பதில் வந்தது. அப்புறம் "ம்ஹூம்" வந்தது. கடைசியில் கைகூப்பும் பொம்மை மட்டும் வந்தது.

"அக்கா, அவளைச் சும்மா சிரிச்சேன்னு எழுதச் சொல்லு" என்றான் அஜீஷ். "மதுரையில அவ சிரிச்சாளா இல்லையான்னு அவங்களுக்கு எங்ஙனே தெரியும்?"

"எனக்குத் தெரியுமேடா. சிரிக்க வைக்காத தவளையைக் குடை மேல வெச்சுக்கிட்டு அவன் கடேசி வரை நடக்கணும். அது பாவமில்லையா?"

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள் என்று அறிவிப்பில் இருந்தது. புதன்கிழமை வரை தவளை வாய் திறக்கவில்லை.

அன்று முன்மதியம் கடைக்கு ஒரு லாரிக்காரர் வந்தார். போடியிலிருந்து ஏலக்காய் ஏற்றி வந்தவர். வழியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை, முகம் வெளுத்திருந்தது. வேட்டியை ஒரு கையில் பிடித்தபடி, பையைக் காலடியில் வைத்துவிட்டுச் சாய்ந்து நின்றார். "மாத்திரையை இப்பவே போட்டுக்கிறேம்மா" என்றார். அம்பிளி மாத்திரையைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டு, எதிர்ச் சாயாக் கடையைப் பார்த்து உரக்கக் கத்தினாள்:

"சேட்டா! வெள்ளம்! வேகம் வேகம்!"

லாரிக்காரர் பையை அள்ளி மார்போடு அணைத்தார். வேட்டியைத் தொடைக்கு மேல் தூக்கினார். வயிற்றுக் கோளாறு உள்ளவரால் முடியாத ஒரு தாவு தாவி வாசல் பெஞ்சின் மேல் ஏறி நின்றார். அங்கே நின்று தெருவின் இரு கோடியையும் மாறி மாறிப் பார்த்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. கடல் ஓதம் ஏறும் நாளில் இந்தத் தெருவில் கணுக்கால் நனைவது உண்டுதான்.

"எந்தப் பக்கமிருந்தும்மா வருது?"

சாயாக் கடைக்காரர் தெருவைக் கடந்து வந்தார். கையில் ஒரு கிளாஸ் தண்ணீர்.

"இதா வெள்ளம்" என்றார்.

பெஞ்சின் மேல் நின்றவர் கிளாஸைப் பார்த்தார். அம்பிளியைப் பார்த்தார். "இதுக்கா இந்தக் கத்து கத்துனே? நான் லாரிய மேட்டுல ஏத்தணுமேன்னுல்ல பதறிட்டேன்!"

சாயாக் கடைக்காரர் சிரித்தார். லாரிக்காரரும் சிரித்தார், பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காதம்மா, ஆபத்து" என்றார். அம்பிளி மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஃபோனை எடுத்து அஜீஷைக் கூப்பிட்டாள்.

"எடா, பொம்பட் தவளைகிட்ட சுகம் கேக்க வேண்டாம். 'இந்தக் கிணத்துக்குள்ள குடிக்க என்ன இருக்கு?'ன்னு கேக்கட்டும். தவளை நம்மளை மாதிரி சம்சாரிக்கட்டும். 'வெள்ளம்! நிறைய வெள்ளம்!'னு சொல்லட்டும். அவன் பயந்து குடையை விரிப்பான். விரிச்சுட்டுக் கிணத்துச் சுவர் மேல ஏறிடுவான்."

"பின்னே?"

"தவளை அவனைப் பார்த்து, 'எடா, குடிக்கத்தானே கேட்டே? கப்பல் ஏறவா கேட்டே?'ன்னு கேக்கும்."

பிராட்வே இரைச்சலுக்கு நடுவே அஜீஷ் களுக்கென்று சிரித்தான்.

"அக்கா, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒறிஜினல்ல இது இல்லையல்லோ."

"ஒறிஜினல்ல நீ பெஞ்சுலேந்து விழுந்தே. இதுலயும் ஆராவது விழணும். அவ்வளவேயுள்ளு. ஏத்துடா."

அஜீஷ் அன்று மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஏற்றினான். படத்தில் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை. பொம்பட் ஏற்கெனவே குடையை விரித்துச் சுவரில் ஏறுபவன்தான். இப்போது அதற்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மாலை, கடையில் இருமல் மருந்துக்கு வரிசை நின்றபோது மாதுரி அழைத்தாள். அம்பிளி ஸ்பீக்கரைப் போட்டு ஃபோனைப் பாட்டில்களுக்கு நடுவே நிறுத்தினாள்.

"அக்கா, கிணத்தடிக்கு வந்துட்டேன். இந்தத் தடவையும் சிரிப்பு வரலைன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"நீ விளையாடு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வரிசையில் நின்றவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆனாலும் அம்பிளியின் முகத்தைப் பார்த்து எல்லோரும் அமைதியானார்கள். இருமல்கூட அடங்கியது. ஃபோனில் குடைவீரனின் நடைப் பாட்டு சன்னமாகக் கேட்டது. நின்றது.

"'வெள்ளம்'னு சொல்லுதே... ஐயோ, குடையை விரிக்கிறான். எதுக்குடா... அட, சுவத்து மேல..."

 முதலில் மூக்கால் ஒரு சத்தம், அப்புறம் மூச்சை உள்ளிழுக்கும் சத்தம். அதற்குப் பிறகு மதுரையிலிருந்து மட்டாஞ்சேரிக்கு ஃபோனே வேண்டாம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. யாரோ "ஏண்டி, என்னாச்சு?" என்று பதறும் குரல் கேட்டது. மாதுரி பதில் சொல்ல முயன்று, "கப்பல்... கப்பல்..." என்பதற்கு மேல் போக முடியாமல் தவித்தாள்.

வரிசையின் முன்னால் நின்ற வயதானவர், "ஆர்க்கா சுகமில்லாத்தே?" என்று கவலையோடு கேட்டார். அம்பிளி கண்ணைத் துடைத்துக்கொண்டு, யாருக்கும் ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

மாதுரி அன்றே எழுதிக் கொடுத்தாள். விளையாட்டு, வசனங்களின் ஆங்கிலப் பொருளோடு, வெள்ளிக்கிழமை போய்ச் சேர்ந்தது. பதில் அடுத்த வாரம் வந்தது: தமிழைச் சேர்த்துக்கொள்கிறோம். கூடவே அந்தத் தம்பதி ஒரு சந்தேகமும் கேட்டிருந்தார்கள். கிணற்றில் தண்ணீர் இருப்பது சகஜம்தானே, அதற்கு அவன் ஏன் பயந்து குடையை விரிக்கிறான்? எங்களுக்கும் விளக்கினால் நாங்களும் சிரிப்போம்.

அம்பிளி விளக்க உட்கார்ந்தாள். கொச்சியில் வெள்ளம் என்றால் தண்ணீர், மதுரையில் வெள்ளம் என்றால் ஊரே முழுகுவது என்று தொடங்கினாள். அதற்குத் தமிழும் மலையாளமும் எப்படிப் பிரிந்தன என்று சொல்ல வேண்டி வந்தது. அதற்குள் போடி வந்தது, லாரி வந்தது, பெஞ்சு வந்தது. ஆங்கிலத்தில் படித்துப் பார்த்தாள். ஒரு துளி சிரிப்பு இல்லை. எல்லாவற்றையும் அழித்தாள்.

"மன்னிக்கணும், இது உங்க பாஷைக்கு வராது" என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு, இருமல் மருந்து கேட்டவரிடம் திரும்பினாள்.