மஞ்சள் காமாலை என்று சொன்ன நான்கு மாதங்கள்

அரிசியைக் களைந்துவிட்டு, பானையைக் கையில் பிடித்தபடியே செல்வி நின்றுகொண்டிருந்தாள். அடுப்பில் ஏற்றவில்லை. "என்ன நின்னுக்கிட்டே தூக்கமா? கார்கானாவுக்கு நேரமாச்சு" என்று சத்தம் போட்டுவிட்டு, பட்டறை வேலைக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினேன். என் மனைவியின் நோய்க்கு அதுதான் முதல் அறிகுறி. எனக்கு அன்று என் பசிதான் தெரிந்தது.

மூன்று வாரத்தில் அவள் தலை சீவுவதை விட்டாள். தூக்கமும் போயிற்று. ஆஸ்பத்திரியில் மனச்சோர்வு நோய் (வெறும் வருத்தம் அல்ல, எதிலும் மனம் ஒட்டாமல், பசியும் உறக்கமும் குலைந்துபோவது) என்றார்கள். குணமாகும், நாளாகும் என்று சொல்லி டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் யோசித்தது அவளைப் பற்றி இல்லை. மகளை நவி மும்பை நெருளில் கட்டிக்கொடுத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தாயாருக்குப் பைத்தியம் என்று சம்பந்தி வீட்டில் பேச்சு வந்தால் என்ன செய்வது? தாராவியில் எங்கள் சந்துக்குள் ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகாது. அதனால் எல்லோரிடமும் மஞ்சள் காமாலை என்றேன். மாசமாக இருந்த மகளிடமும் அதையே சொல்லி, "தொத்திக்கிடும், வராதம்மா" என்றேன். வளைகாப்பைச் செல்வி இல்லாமலே நடத்தினேன். அதை இனித் திரும்ப நடத்த முடியாது.

சந்துக்காரர்கள் மோரும் கீழாநெல்லியும் உப்பில்லாத கஞ்சியும் கொண்டுவந்தார்கள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். உப்பில்லாத அந்தக் கஞ்சியை அவளும் குடித்தாள். பாவி, நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் மாதம் டாக்டரம்மா கேட்டார். "வீட்ல இவங்க யார்கூட பேசுறாங்க?"

"என்கூடத்தான்."

"என்ன பேசுவீங்க?"

யோசித்துப் பார்த்தேன். சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா. வேறொன்றும் இல்லை. வெட்கமாகப் போயிற்று.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுப் பாக்கியத்திடம் உண்மையைச் சொன்னேன். இட்லி அவித்து விற்பவள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"மஞ்சக்காமாலைன்னா கண்ணு மஞ்சளால்லா இருக்கும், அண்ணாச்சி? மைனிய நீங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவும்போது பாத்தேன், வெள்ளையாத்தான் இருந்துச்சு. எனக்கும் ரெண்டாவது புள்ள பொறந்தப்ப இப்படித்தான் இருந்துச்சு. நீங்க வாசல்லயே நின்னுக்கிட்டா நான் எப்படி உள்ள வர?"

மறுநாள் ஒரு முறம் உள்ளியோடு (சின்ன வெங்காயம்) வந்தாள். "மைனி, இத உரிச்சுக்கிட்டிருங்க. பருப்பப் போட்டுட்டு வாரேன்." ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. செல்வி அன்று ஏழெட்டு உள்ளி உரித்தாள். மறுநாளும் முறம் வந்தது, அதற்கடுத்த நாளும். ஒரு நாள் செல்வி அவளிடம், "உன் சாம்பார்ல புளி கூட" என்றாள். நான் சந்தில் போய் நின்று அழுதேன்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் செல்வியைப் போல நின்றுவிட்டால் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கதவையும் சாத்தாதீர்கள்.

மாத்திரை இன்னும் தொடர்கிறது. முன்பெல்லாம் நேரம் என்றால் எனக்குக் கார்கானா நேரம்தான். இப்போது அவள் அரிசி களைந்து பானையை ஏற்றும்வரை என் கால் வாசலைத் தாண்டுவதில்லை. போன வாரம் ஒரு காலையில் பானையோடு சற்றே நின்றாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னங்க?"

"ஒண்ணுமில்ல. சும்மாத்தான்."

பானையை அடுப்பில் ஏற்றினாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அன்னைக்கும் இப்படி வந்து நின்னுருக்கலாம்லா."