வீட்டு வேலைக்கு ஒரு கிரெடிட்

பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. இன்று வளைகுடாவில் நம்மவர்கள் நிறைய வாழும் அப்பாசியாவில் ஒரு வீட்டுக்குப் போனேன்.

அம்மா நர்ஸ், டூட்டிக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார். மகள் பதினொன்றாம் வகுப்பு. அவள் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி.

“இவளுக்கு ஒரு எலெக்டிவ், விருப்பப் பாடம், குறையுது மேடம். வீட்ல செய்யிறதையே பாடமா ஆக்கிடுங்களேன்.”

இதில் நான் கைதேர்ந்தவள். பத்து நிமிடத்தில் ‘குழந்தை வளர்ச்சியும் இல்ல நிர்வாகமும்’ தயார். படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய ஒரு கிரெடிட்டுக்கு நூற்றிருபது மணி நேரம் செய்முறை வேண்டும் என்றேன்.

மகள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். “அது ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும் ஆன்ட்டி.”

இப்படிப் படிக்கும் பிள்ளைகளுக்குக் கிரேடு போடுவதும் அம்மாதான். என்ன போடலாம் என்று கேட்டேன்.

“பி போடுங்க. பாத்திரம் கழுவுனா சோப்பு அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கு. ஏ எல்லாம் குடுத்தா தலைக்கனம் வந்துடும்.”

மகள் என்னைப் பார்த்தாள். “ஃபெயில் ஆயிட்டா இந்த சப்ஜெக்ட்ட விட்டுடலாமா ஆன்ட்டி?”

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை, விதியைச் சொன்னேன். “ஃபெயில் ஆனா முதல்ல இருந்து திரும்பச் செய்யணும்மா.”

அவள் தம்பியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

அந்த விதியை எழுதியவளும் நான்தான்.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு மாணவி இருந்தால் கமென்ட்டில் சொல்லுங்கள். பாடத்திட்டம் தயாராக இருக்கிறது, பெயரை மட்டும் மாற்றினால் போதும்.